சில்லறையில் ஒரு மன்னிப்பு

புருஷன் பொண்டாட்டி கதைன்னு சொன்னதுமே உங்க கண்ணு பூரிக்கட்டையைத் தேடுது. எனக்குத் தெரியாதா. பூரிக்கட்டை பறக்கும், புருஷன் கட்டிலுக்கு அடியில போவான், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான், நீங்க சிரிச்சிட்டுத் தூங்கப் போகலாம். அதான நெனப்பு? இது ஜாவா. இங்க பூரி கிடையாது. மிளகாய்ச் சம்பல் அரைக்கிற கல்லுக் குழவி உண்டு. பூரிக்கட்டையைவிட மூணு மடங்கு கனம். சந்தோஷப்படாதீங்க, அதுவும் பறக்காது. இந்தக் கதையில ஆயுதம் நாலு வரி மெயில். ஒரு மனுஷனைச் சாய்க்க அது போதுமான்னு சந்தேகமிருந்தா, செமாராங்ல தர்மாஜின்னு ஒருத்தர் இருக்கார், அவரைக் கேளுங்க. வேண்டாம், கேக்காதீங்க. பாவம். நானே சொல்லிடறேன்.

தர்மாஜிக்கு வயசு நாப்பத்தெட்டு. தொழில், பாய்லர் தண்ணிக்கு மருந்து விக்கிறது. துணி ஆலை, டயர் ஆலை, நூடுல்ஸ் ஆலை, எங்கெல்லாம் பாய்லர் ஆவி கக்குதோ அங்கெல்லாம் இவர் போய் நிப்பார். பாய்லருக்குள்ள உப்புப் படியும், படிஞ்சா ஒரு நாள் மக்கர் பண்ணும், பண்ணாம இருக்க எங்க மருந்தைப் போடுங்கம்பார். முன்னெல்லாம் நேராப் போவார். டீ குடிப்பார். மேனேஜரோட மாமியார் முட்டிவலியை விசாரிப்பார். நாலாவது டீயில ஆர்டர் விழும். வயித்துல டீ, கையில ஆர்டர், வாழ்க்கை நல்லாத்தான் போச்சு.

புதுசா ஒரு முதலாளி வந்தார். சின்னப் பையன், பெரிய கம்ப்யூட்டர். தர்மாஜியை 'பாக்'னு கூப்பிடுவார், இந்த ஊர் 'ஐயா'.

"டீயெல்லாம் இனிமே வேண்டாம் பாக். மெயில் போடுங்க."

"யாருக்குங்க?"

"உங்களைத் தெரியாதவங்களுக்கு."

தர்மாஜி திகைச்சுப் போயிட்டார். தெரிஞ்சவங்களே இவர் மெயிலைப் படிக்கிறதில்லை.

ஆனா தொழில்ல அதுக்குப் பேரே இருக்கு, கோல்டு மெயில். தங்கம் இல்லை, குளிர். முன்னப்பின்ன பார்க்காத ஆளுக்கு மெயில் போட்டு வியாபாரம் பிடிக்கிற வித்தை. தர்மாஜி போட்ட மொத கோல்டு மெயில் இப்படி ஆரம்பிச்சுது: "மாண்புமிகு ஐயா அவர்களுக்கு. இறைவன் அருளால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் நிறுவனம் தோன்றிய வரலாறு யாதெனில்..." வரலாறு முடியறதுக்குள்ள படிக்கிறவனுக்கு ஓய்வு வயசு வந்துடும். கூடவே இணைப்பா, நிறுவனர் ரிப்பன் வெட்டுற படம். மருந்து டிரம்மோட படம். டிரம்மைப் பார்த்து நிறுவனர் சிரிக்கிற படம். மெயில் போய்ச் சேர்ந்த இடத்துல கம்ப்யூட்டர் இருமும்.

ரெண்டு மாசம் மழையாப் பொழிஞ்சார். ஒரே ஒரு பதில் வந்துச்சு. "நீங்கள் எழுதிய நபர் காலமாகி ஓராண்டு ஆகிறது."

முதலாளி இவரைப் பிடிச்சு ஜகார்த்தாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். குளுகுளு ஹோட்டல், ரெண்டு நாள். திரும்பி வந்தவர் தவம் முடிச்சு வந்த மாதிரி வந்தார். சட்டையைக்கூட மாத்தலை. அடுக்களையில நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ந்தார். எதிர்ல சம்சாரம் லெஸ்தாரி.

"தெக், கோல்டு மெயிலுக்கு நாலு விதி."

"வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கலாமா மாஸ்?"

நிறுத்துங்க, ஒண்ணு சொல்லிடறேன். 'மாஸ்'னா அண்ணன். 'தெக்'னா தங்கச்சி. இந்த ஊர்ல புருஷனும் பொண்டாட்டியும் இப்படித்தான் கூப்பிட்டுக்கணும். உங்க மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? பழகிடும்.

"தாராளமா உரி. ஒண்ணு, தலைப்பு. மூணு வார்த்தைக்கு மேல கூடாது. விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது. தெரிஞ்சவன் அவசரத்துல எழுதின மாதிரி இருக்கணும். கண்ணு பட்டதும் கை திறந்துடணும்."

"சரி."

"ரெண்டு, நம்ம பெருமை கூடாது. அவனோட வலியைத் தொடணும். எதை நெனச்சு அவன் படுக்கையில புரளுறானோ, அதை."

"சரி."

"மூணு, ஒரே ஒரு கேள்வி. ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற மாதிரி."

"நாலு?"

"நாலுதான் உயிர். பதில் வரலைன்னா விட்டுடக் கூடாது. இன்னொண்ணு போடணும். அதுக்கும் வரலைன்னா கடைசியா ஒரு விடைபெறும் மெயில். 'உங்களுக்கு விருப்பமில்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன், ஃபைலை மூடிடறேன், இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.' அவ்வளவுதான். அதுவரைக்கும் கல்லு மாதிரி உக்கார்ந்திருந்தவன் பதறிக்கிட்டு ஓடி வருவான்."

"ஏன் வரணும்?"

"மனுஷ சுபாவம் தெக். துரத்தினா ஓடுவான். விட்டா வருவான்."

லெஸ்தாரி கையில இருந்த வெங்காயத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தா.

"ஆமா மாஸ்," ன்னா.

அந்த 'ஆமா'வை தர்மாஜி கொஞ்சம் கவனிச்சிருக்கலாம். அவர் அதுக்குள்ள மெயில் எழுத உக்கார்ந்துட்டார்.

"கேளு. 'தங்கள் பாய்லரின் வெப்பப் பரிமாற்றத் திறன் குறைவதற்கான ஏழு காரணிகள்...'"

"யாருக்கு எழுதறீங்க?"

"நூடுல்ஸ் ஆலை மேனேஜருக்கு."

"ஏழு காரணியை நெனச்சா அவர் படுக்கையில புரளுறார்?"

தர்மாஜி பேனாவைக் கடிச்சார். "இல்லை. நோன்பு மாசம் வருதுல்ல. ஊரே விடியக்காலையில எழுந்து நூடுல்ஸ்தான் கிண்டும். அந்த நேரம் பார்த்து பாய்லர் படுத்துட்டா..."

"அதை எழுதுங்க."

"அதுக்கு அப்புறம்?"

"அதோட எழுந்து கை கழுவுங்க. சோறு ஆறுது."

கடைசியில அனுப்பின மெயில் இவ்வளவுதான். தலைப்பு, "நோன்பு மாசத்து பாய்லர்". உள்ள ஒரே வரி. "பாக், போன நோன்புல உங்க பாய்லர் ஒரு நாளாவது நின்னுச்சா?"

சோறு முடியறதுக்குள்ள பதில். "ரெண்டு நாள். முதலாளி என்னைத் தின்னுட்டார். நீங்க யாரு?"

ஆர்டர் வந்துச்சு. ஆபீஸே கை தட்டுச்சு. "எப்படி பாக் எழுதினீங்க?"ன்னு முதலாளி கேட்டார். தர்மாஜி நெத்தியைத் தொட்டுக் காட்டினார். வெங்காயம் உரிச்ச கையைப் பத்தி மூச்சு விடலை. முதலாளி குளிர்ந்து போய், பெருநாளுக்குப் பத்து நாள் லீவு எடுத்துக்கங்கன்னுட்டார். அந்தப் பத்து நாளை மறந்துடாதீங்க.

அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு பாக் ஹர்ஜோகிட்ட ஒரே அளப்பு. ஹர்ஜோ துறைமுக ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறவர். கப்பல் சத்தத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகி, ரகசியம் சொன்னாலும் தெருக்கோடி வரை கேக்கும்.

"நல்லா எழுதின மெயில்லருந்து மனுஷன் தப்பவே முடியாது பாக்."

"எனக்கு நூறு வருது. யார் போட்டதுன்னுகூடப் பார்க்க மாட்டேன். மொத்தமா அழிச்சிடுவேன்."

"அழிங்க. நூத்துக்கு ஒரு அப்பாவி எங்கயாவது இருப்பான். அவன் விழுந்தாப் போதும், எங்க தொழில் ஓடும்."

அதே வாரம் லெஸ்தாரி அரிசானுக்குப் போயிட்டு வந்தா. தெருப் பொம்பளைங்க மாசத்துக்கு ஒரு தடவை கூடி சீட்டுக் குலுக்குறதுக்குப் பேரு அரிசான். சீட்டு கொஞ்சம், வாய் நிறைய.

"அப்படி என்னத்தைத்தான் பேசுவீங்க தெக்?"

"உங்க நாலு விதியைச் சொன்னேன் மாஸ். அசந்துட்டாங்க."

தர்மாஜிக்கு நெஞ்சு ஒரு சுத்து பெருத்துச்சு.

சரி, இப்ப பறவைக்கு வருவோம். பறவை இருக்குன்னு நான் சொல்லலையா? தர்மாஜியும்தான் வீட்டுல சொல்லலை. அதான் கதையே.

சோலைபாடிப் பறவை. பேரு குந்தூர். குண்டூர் மிளகாய் இல்லைங்க, இந்த ஊர் பாஷையில குந்தூர்னா இடி. வாயைத் திறந்தா பத்துப் பறவை ஒண்ணாப் பாடுற மாதிரி இருக்கும். போன வருஷம் வரைக்கும் வீட்டுலதான் இருந்துச்சு. அதுக்குத் தீனி சில்வண்டு. ஒரு நாள் சில்வண்டு டப்பா கவுந்து, அத்தனையும் அரிசிப் பானைக்குள்ள குடிபோய் ராத்திரி பூரா கச்சேரி. மறுநாள் லெஸ்தாரி சுருக்கமாத்தான் சொன்னா. "மாஸ், இந்த வீட்டுல குந்தூர் இருக்கட்டும், இல்லேன்னா சோறு இருக்கட்டும்." தர்மாஜி கூண்டைத் தூக்கிட்டுப் போனார். சலாதிகாவுல ஒரு நண்பருக்குக் குடுத்துட்டேன்னு கண்ணைத் துடைச்சார். குந்தூர் சலாதிகாவையே பார்த்ததில்லை. கம்பெனி கோடவுன்ல டிரம்முக்குப் பின்னாடி சொகுசா இருந்துச்சு. தர்மாஜி தினமும் அரை மணி முன்னாடியே ஆபீஸ் கிளம்புவார். "எங்க வீட்டுக்காரருக்கு வேலைன்னா உயிர்,"னு லெஸ்தாரி தெருவெல்லாம் சொல்லிக்குவா.

பெருநாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர் உங்காரான்ல பறவைப் பாட்டுப் போட்டி. குந்தூருக்குக் கோப்பை நிச்சயம். தர்மாஜி கோப்பை வைக்க கோடவுன்ல இடம்கூடப் பார்த்து வெச்சுட்டார்.

ஆனா லெஸ்தாரிக்கு வோனோசோபோ போகணும். மலைக்கு மேல அம்மா வீடு. பெருநாளுக்கு ஊரே பொறந்த வீட்டுக்கு ஓடும். இவ போய் ரெண்டு வருஷமாச்சு. அம்மா ஃபோன்ல, "இந்த வருஷமும் ஃபோன்லயேதான் என் கையைப் பிடிப்பியா?"ன்னு கேட்டாங்க. இவ ஃபோனை வெச்சுட்டுப் புருஷனைப் பார்த்தா.

தர்மாஜி தயாரா வெச்சிருந்தார். "பெருநாளுக்குத்தான் ஆலையெல்லாம் மூடுவாங்க தெக். மூடினாத்தான் பாய்லரைத் திறந்து கழுவ முடியும். நான் இல்லாம எப்படி? முதலாளி லீவே கிடையாதுன்னுட்டார்."

மனசு உறுத்தலையான்னு கேப்பீங்க. உறுத்தலை. ஏன்னா பெருநாள் வருதே. பெருநாள் காலையில தொழுகை முடிஞ்சு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு, உள்ளும் புறமும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுன்னு கேக்கணும். கேட்டா மன்னிச்சாகணும். இதுல அழகு என்னன்னா, எந்தத் தப்புன்னு சொல்ல வேண்டியதில்லை. மொத்த வியாபாரம். மூட்டையைப் பிரிக்காமலே அந்தப் பக்கம் வாங்கிக்குவாங்க. தர்மாஜி வருஷா வருஷம் சின்னப் பொய், பெரிய பொய், எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி அன்னிக்குத்தான் தள்ளிவிடுவார்.

நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கு. ஆபீஸ்ல மெயிலைத் திறந்தார்.

தலைப்பு, "அந்த விஷயம்".

"மாஸ், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கோபமில்லை. பெருநாளுக்கு மொத்தமா மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி, அதை மட்டும் தனியா நீங்களே சொல்லிடுவீங்களா? லெஸ்தாரி."

தர்மாஜி எழுந்து அறைக் கதவைச் சாத்திட்டு வந்தார்.

எந்த விஷயம்? மூட்டைக்குள்ள எத்தனையோ இருக்கே. எதைப் பிரிச்சா இவ? சரி, பதறக் கூடாது, நாம தொழில்காரன். மெயிலை மறுபடி படிச்சார். ரெண்டே வார்த்தை தலைப்பு. வலியைத் தொட்டாச்சு. ஒரே கேள்வி. அடடா, இலக்கணம் தப்பாம எழுதியிருக்கா. ஒரு நிமிஷம் குருநாதருக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் வேர்த்துச்சு. பதில் போடக் கூடாதுன்னு முடிவு பண்ணினார்.

சாயங்காலம் வீட்டுல புயல் அடிக்கும்னு போனா, அடுப்புல கோலாக்னு இந்த ஊர்ப் பாயசம் கொதிக்குது. தேங்காய்ப்பால்ல வாழைப்பழமும் பனைவெல்லமும் போட்டு, இவருக்குப் பிடிச்ச மாதிரி பலாச்சுளை தூக்கலா.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாஸ்?"

"ஏதாவது பேசணுமா தெக்?"

"இல்லையே. நீங்க பேசணுமா?"

"நானா? இல்லையே."

திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். பலாச்சுளையைக் கிண்ணத்து ஓரமா ஒதுக்கி வெச்சார்.

ரெண்டு நாள் கழிச்சு அடுத்தது. "மாஸ், வேலை மும்முரத்துல என் மெயில் கண்ணுல பட்டிருக்காது. விவரமெல்லாம் வேண்டாம். 'சொல்றேன்'னு ஒரு வார்த்தை போதும்."

தர்மாஜி நேரா கோடவுனுக்கு ஓடினார். வாட்ச்மேன் சட்டையைப் பிடிச்சார். அவன் யார்கிட்டயும் சொல்லலைன்னு சத்தியம் பண்ணினான். குந்தூரை முறைச்சார். அது ஒரு தடவை பாடிக் காட்டிச்சு.

அடுத்த ரெண்டு நாள்ல மூணாவது.

"மாஸ், சொல்ல விருப்பமில்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன். பரவாயில்லை. ஃபைலை மூடிடறேன். இனிமே கேக்க மாட்டேன்."

இது தந்திரம். தர்மாஜிக்குத் தெரியும். இந்தத் தந்திரத்தை இந்த வாயால இவரே சொல்லிக் குடுத்தார். என் கடைச் சரக்கை எனக்கே விக்கிறாளேன்னு ஆபீஸ் நாற்காலியில உக்கார்ந்து சிரிச்சுப் பார்த்தார். சிரிப்பு பாதியில நின்னுச்சு. மூடிடறேன்னா, எந்த ஃபைலை? இருபத்திரண்டு வருஷ ஃபைல் ஒண்ணு வீட்டுல இருக்கே, அதையா?

மசூதி முரசு அடிச்சு, நோன்பு திறந்து, ரெண்டு பேரீச்சம்பழம் உள்ள போற வரைக்கும்தான் தாங்கினார்.

"தெக், மெயில் பார்த்தேன்."

"எது? ஓ, அதுவா. விடுங்க மாஸ். மூடியாச்சு."

"திறக்கக் கூடாதா?"

"உங்க இஷ்டம்." கோலாக்கை ஊத்தி அவர் முன்னாடி வெச்சா.

தர்மாஜி தொழில் புத்தியோடதான் ஆரம்பிச்சார். மொதல்ல சின்ன சாம்பிள்.

"உங்க அண்ணன் குடுத்த பாத்திக் சட்டை தொலைஞ்சுபோச்சுன்னேன்ல. தொலையலை. வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். சட்டை பூரா வாத்து, தெக். நான் எப்படிப் போடுறது?"

லெஸ்தாரி முகத்துல ஒண்ணுமே இல்லை.

"அப்புறம்?"

அப்புறம்னா, இது இல்லைன்னு அர்த்தம்.

"உங்க அம்மா குடுத்த பீங்கான் தட்டு. பூனை உடைக்கலை."

"பூனையைப் பட்டினி போட்டேனே மாஸ்."

"பூனைகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அப்புறம்?"

"ரத்தத்துல சக்கரை கம்மின்னு டாக்டர் சொன்னார்னேன்ல. கம்மின்னு சொல்லலை."

கோலாக் கிண்ணம் மெதுவா நகர்ந்து மேஜையோட அந்தப் பக்கம் போச்சு.

"அப்புறம்?"

"லீவு இருக்கு."

முதல் தடவையா லெஸ்தாரி கை நின்னுச்சு. "எத்தனை நாள்?"

"பத்து."

"இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

தர்மாஜி கிண்ணம் போன திசையைப் பார்த்தார். அங்க உதவி எதுவும் இல்லை.

"குந்தூர் சலாதிகாவுல இல்லை தெக்."

"எங்க இருக்கு?"

"கோடவுன்ல. டிரம்முக்குப் பின்னாடி. ஞாயித்துக்கிழமை உங்காரான்ல போட்டி. இப்ப என்னமாப் பாடுறான் தெரியுமா, நீ ஒரு தடவை கேட்டுட்டீன்னா..."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. சத்தியமா. மொத்தமும் காலி."

லெஸ்தாரி மேஜையைத் துடைச்சா. கண்ணு லேசாக் கலங்கின மாதிரி இருந்துச்சு. அம்மா ஃபோன் ஞாபகமா இருக்கும். அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, ரொம்பப் பதவிசாச் சொன்னா.

"சொன்னதுக்கு சந்தோஷம் மாஸ். மன்னிச்சாச்சு."

தர்மாஜிக்கு உயிர் திரும்ப ஆரம்பிச்சுது.

"பெருநாளுக்கு மறுநாள் வோனோசோபோ கிளம்பறோம். பத்து நாளும் அங்கதான். அப்பாவுக்கு என்ன கொண்டுபோறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவருக்குப் பறவைன்னா உயிர்."

"தெக்..."

"ஒரே ஒரு கேள்வி மாஸ். ஆமா, இல்லை, ஒரு வார்த்தை போதும். பஸ்ல கூண்டு ஏத்த விடுவாங்களா?"

பெருநாள் காலை. தொழுகை முடிஞ்சு தெருவே வீட்டுக்கு வீடு ஏறி இறங்குது. தர்மாஜி வாசல்ல குந்தூர் கூண்டு தொங்குது. நாளைக்கு மலை ஏறப்போறது தெரியாம அது பாட்டுக்குப் பாடுது. தர்மாஜி அன்னாசி பிஸ்கோத்தைக் கையில வெச்சுக்கிட்டு மனசைத் தேத்திக்கிட்டிருந்தார். நான் மெயிலுக்கு விழலை. அவ எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டா, அதனால சொன்னேன். ஆதாரத்தோட வந்தவகிட்ட எவன்தான் மறைக்க முடியும்? தொழில்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. லெஸ்தாரி பார்க்காத நேரமாப் பிஸ்கோத்தை வாயில போட்டார்.

பாக் ஹர்ஜோ படியேறி வந்தார். கையைப் பிடிச்சார்.

"உள்ளும் புறமும் மன்னிச்சிடணும் பாக் தர்மாஜி."

"நீங்களும் மன்னிக்கணும் பாக்."

"அட, பறவை. வாங்கினீங்களா?"

"மாமனாருக்கு."

"பெரிய மனசு. ஆமா, நீங்க மெயில் ஆளாச்சே, உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்கும் வந்துச்சா, 'அந்த விஷயம்'?"

அன்னாசி பிஸ்கோத்து வாயிலயே நின்னுச்சு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வந்துச்சாமே. நான்தான் பார்க்காம அழிச்சிடுவேனே. நேத்து என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அரிசான்ல பேசி வெச்சு, ஆளாளுக்கு அவங்கவங்க புருஷனுக்கு ஒரே மெயிலைப் போட்டிருக்காங்க. ஒருத்திக்கும் ஒரு மண்ணும் தெரியாதாம் பாக். விழுந்தா விழட்டும்னு சும்மா போட்டாங்களாம்."

"ஒருத்திக்கும் தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாது."

லெஸ்தாரி சர்பத் தட்டோட வந்தா. "எடுத்துக்கங்க பாக் ஹர்ஜோ,"ன்னு நீட்டினா. புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

ஹர்ஜோ ஒரு மடக்குக் குடிச்சுட்டு, தெருக்கோடி வரைக்கும் கேக்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "இருபது புருஷனுக்குப் போச்சாம். பத்தொம்பது பேர் கண்டுக்கவே இல்லை. ஒரே ஒருத்தன் மட்டும் மூணாவது மெயிலுக்கு மொத்தத்தையும் கொட்டிட்டானாம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. நீங்க சொல்வீங்களே பாக், நூத்துக்கு ஒரு அப்பாவின்னு, அவன்தான் போல. மெயில்னா என்னன்னே தெரியாத ஆளு."